மருந்துக்குப் பின் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவு: எண்ணைப் படிப்பதில் நேரும் தவறுகள்

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ. சங்கிலியின் கண்ணி) நீளமே உள்ள, தான் புரதமாக மாறாத, ஆனால் புரதம் செய்வதற்கான குறிப்பை ஏந்திச் செல்லும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு பிற புரதங்களின் உற்பத்தியைக் குறைக்கிற ஒரு சிறு மூலக்கூறு. நாள்பட்ட லிம்போசைட்டிக் ரத்தப் புற்றுநோயில் மிர்-15, மிர்-16 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இழக்கப்படுவது 2002இல் தெரியவந்த பின்னர், ஒரு செல் மருந்துக்கு மசியுமா மசியாதா என்பதை இவற்றின் அளவைக் கொண்டே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை வலுத்தது. அளந்த எண் எந்தச் செல்லுடையது என்று கேட்காமல் முடிவுக்குத் தாவும்போதுதான் அந்த நம்பிக்கை பொய்க்கிறது.

ஆய்வகத் தட்டில் வளரும் செல்களுக்குப் புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் கொடுத்து 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால் பல செல்கள் இறந்து மிதக்கும். எஞ்சியவற்றில் மிர்-21 கூடியிருந்தால் ‘மருந்து அதைத் தூண்டியது’ என்று எழுதிவிடுகிறார்கள். தொடக்கத்திலேயே அது மிகுதியாக இருந்த செல்கள் மட்டும் பிழைத்திருக்கவும் கூடும் என்பதால், இறப்பு தொடங்குவதற்கு முந்தைய மணிநேரங்களிலும் அளந்தாக வேண்டும்.

செல் எண்ணிக்கை குறைவது வேறொரு வகையிலும் ஏமாற்றும். செல்கள் தட்டை விட்டுப் பிரிந்ததும் மிர்-141 சிதைகிறது என்று 2011இல் வெளியான ஆய்வை, அதைச் செய்தவர்களே பின்னர் திரும்பப் பெற்றார்கள். ட்ரைசால் என்ற வேதிக்கரைசல் கொண்டு மிகக் குறைந்த செல்களிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும்போது, அதன் நான்கு காரங்களில் ஜி, சி ஆகியவை குறைவான சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் மட்டும் தொலைந்துபோயிருந்தன. செல்லுக்குள் எதுவும் சிதையவில்லை. மருந்து கொடுத்த தட்டிலும் கொடுக்காத தட்டிலும் சம எண்ணிக்கையில் செல்களை எடுப்பது இதனால்தான் கட்டாயமாகிறது.

அடுத்தது ஒப்பீட்டு அளவுகோல். அளவு மாறாதது என்று கருதி, யூ6 என்ற சிறு ஆர்.என்.ஏ.வோடு மற்றவற்றை ஒப்பிட்டு அளப்பதைப் பழக்கத்தின் பேரில் செய்கிறோம். மருந்தால் அதுவே பாதியாகக் குறைந்தால், ஒவ்வொரு சுழற்சியிலும் நகல்களை இருமடங்காக்கி அளக்கும் பி.சி.ஆர். கணக்கில் ஒரு சுழற்சி வேறுபாடு ஏற்பட்டு, மாறாத மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் எல்லாம் இருமடங்கு கூடியதுபோல் தெரியும். அந்த மருந்தால் மாறாதவை என்று சோதித்தறிந்த இரண்டு மூன்று மூலக்கூறுகளையாவது சேர்த்து ஒப்பிட வேண்டும்.

புற்றுநோய்க் கட்டியின் திசு ஒரே வகைச் செல்லால் ஆனதன்று. பெருங்குடல் புற்றுநோயில் மிர்-143, மிர்-145 குறைவதைக் கண்டு, புற்றுநோய்ச் செல்களே அவற்றை இழந்துவிட்டன என்று நெடுநாள் கருதினார்கள். அவை பெரும்பாலும் சுற்றியுள்ள இணைப்புத் திசுச் செல்களில் இருப்பவை என்பது பிறகே தெளிவாயிற்று. ரத்த மாதிரியிலும் இதே நிலைதான்: சிவப்பணு உடைந்தால் மிர்-451, மிர்-16 பிளாஸ்மாவில் உயரும்.

உடனிருப்பதைக் காரணமாகக் கொள்வது இவற்றுக்கெல்லாம் மேலான தவறு. செயற்கை மைக்ரோ ஆர்.என்.ஏ.வை இயல்பைவிடப் பல மடங்கு திணித்தால் எந்தச் செல்லும் ஏதோ ஒரு விதத்தில் மாறும்; ஆகவே இயற்கையாக உள்ளதைத் தடுத்துப் பார்க்க வேண்டும், இலக்குப் புரதம் உண்மையிலேயே கூடியதா என்றும் அளக்க வேண்டும், மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒட்டும் பகுதி நீக்கப்பட்ட இலக்கு மரபணுவைத் தந்தால் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் விளைவு மறைகிறதா என்றும் சோதிக்க வேண்டும். கணினி நிரல் தரும் இலக்குப் பட்டியல் சான்றாகாது.

இத்தனையும் சரியாக இருந்தாலும் தட்டில் கிடைத்த முடிவு அப்படியே சிகிச்சையாகிவிடாது. மிர்-34ஏ-வைப் போலச் செய்த மருந்தின் முதல் கட்ட மனிதச் சோதனை, நோயெதிர்ப்பு மண்டலம் சார்ந்த கடும் பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. புற்றுநோய்ச் செல்கள் மட்டுமே வளரும் தட்டில் அவ்வகை விளைவு தெரிய வழியில்லை.