நெல்லைச் சீமையில் ஊரையும் நீர்நிலையையும் வளர்க்கும் சுற்றுலாவை அமைப்பது எப்படி

தாமிரபரணிக் கரையிலோ நாங்குநேரிப் பக்கத்துக் குளத்தங்கரையிலோ உள்ள ஓர் ஊர் வெளியூராரை வரவேற்க நினைத்தால், எத்தனை அறை கட்டலாம் என்ற கேள்வியே பெரும்பாலும் முதலில் எழுகிறது. அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும். பயணிகள் வந்துபோவதனாலேயே அங்குள்ள குளமும் காடும் கைத்தொழிலும் முன்பு இருந்ததைவிட நல்ல நிலைக்கு வருமாறு திட்டமிடுவதே மீளாக்கச் சுற்றுலா. எனவே, இந்த இடத்துக்கு என்ன தேவை என்று ஊரார் கூடிக் கண்டறிவதுதான் முதல் வேலை.

திட்டம் தீட்டுவோர் கூந்தன்குளத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு வருவது நல்லது. 1994-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அவ்வூரார் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். நாரைகள் வீட்டோரத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவை மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் அங்கே வெடி வெடிப்பதில்லை. பறவைகளின் எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. பின்னர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதி அதற்குக் கிடைத்ததற்கு அடித்தளமாக இருந்தது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் என்பது என் உறுதியான எண்ணம். பறவையும் குளமும் வயலும் ஊரும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இடத்துக்குப் பயணி புதிதாக வருகிறார். அவர் எதைக் கொடுத்துவிட்டுப் போவார் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

அதற்கு இப்போதைய நிலையைப் பதிவு செய்வது அவசியம். நீர்ப்பாய்ச்சி, மீன் பிடிப்பவர், ஆடு மேய்ப்பவர், விறகும் கோரையும் எடுக்கும் பெண்கள் ஆகியோரோடு குளத்தைச் சுற்றி நடந்து, மடையும் மிகுநீர் வெளியேறும் மறுகாலும் எந்த நிலையில் உள்ளன, எந்த மரங்களில் கூடுகள் இருக்கின்றன, குப்பை எங்கே சேர்கிறது என்பவற்றை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 2011 முதல் தன்னார்வலர்கள் பங்கேற்று நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் முறையையே பின்பற்றி, ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே பருவத்தில் எண்ணினால்தான், சில ஆண்டுகள் கழித்து நிலைமை தேறியதா நலிந்ததா என்று சொல்ல முடியும்.

பின்னர் திட்டத்தைக் கிராம சபையில் வைக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடுகிறது. எதைக் காட்டுவது என்பதோடு எதைக் காட்டக் கூடாது என்பதையும் தீர்மானத்தில் எழுதுங்கள். 1988 முதல் புலிகள் காப்பகமாக உள்ள களக்காடு முண்டந்துறைக்குள் வனத்துறையின் அனுமதியின்றி எதுவும் செய்ய இயலாது. தங்குமிடங்களை மலையடிவார ஊர்களிலேயே அமைப்பது முறை. காப்பகக் காட்டில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்பைக் காட்சிப்பொருளாக்கும் எந்த யோசனையையும் அடியோடு கைவிட வேண்டும். காட்டையும் நீர்பிடிப்பையும் தம் பண்பாட்டையும் காக்கும் அதிகாரத்தை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுடைய கிராம சபைக்கே தந்திருக்கிறது. யாரை, எப்போது, எதற்காக அழைப்பது என்பதை அவர்களே சொல்லட்டும்.

வருவோர் எண்ணிக்கையை ஆசையை வைத்து முடிவு செய்யாமல் கணக்கிட்டே முடிவு செய்யுங்கள். ஐந்நூறு மீட்டர் கரையில் எட்டுப் பேர் கொண்ட குழுக்களை நூறு மீட்டருக்கு ஒன்றாக விட்டால், ஒரே நேரத்தில் நாற்பது பேர் நிற்கலாம். கூடுகள் உள்ள பகுதியில் இருநூறு மீட்டரை மூடினால் அது இருபத்துநான்காகும். பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் இருவர்தான் என்றால் பதினாறு. கடைசியில் கிடைக்கும் மிகச் சிறிய எண்ணே உங்கள் எண். கழிப்பறைக்கும் குடிநீருக்கும் இதே கணக்குதான். காலத்தையும் பார்க்க வேண்டும்: குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களிலும், சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்கு மக்கள் திரளும் நாள்களிலும் மலையும் சாலையும் ஏற்கெனவே பெரும் சுமையைத் தாங்குகின்றன. அந்த வழிபாடு மக்களுடையது, அதைத் திருத்துவது நம் வேலையன்று. ஆனால் அந்நாள்களில் நம் பயணிகளையும் சேர்த்து அனுப்பாமல் இருக்கலாம். கார், பிசானச் சாகுபடிகளின் நடவும் அறுப்பும் நடக்கும் நாள்களில் ஊராருக்கு ஓய்வில்லை என்பதையும் நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

பணம் எங்கே போகிறது என்பதில்தான் பல நல்ல திட்டங்கள் தோற்கின்றன. வண்டியும் உணவும் முன்பதிவும் வெளியாருடையவை என்றால், ஊருக்கு மிஞ்சுவது குப்பைதான். ஆகவே சமைப்பவர், வழிகாட்டி, தங்க வீடு தருபவர், குளத்துக்கான பொதுநிதி ஆகியோருக்கான பங்கை முன்பே எழுதி, வரவு செலவைச் சபையில் வாசிக்க வேண்டும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாயை எண்ணிப் பாருங்கள்: கோரையை ஊறவைக்க ஓடும் நீர் வேண்டும், ஆறு கெட்டால் அந்த நெசவும் கெடும். நெய்பவர் செயல்விளக்கம் தரும் நேரத்துக்குத் தனிக் கூலி கொடுங்கள். பாய் விற்றால்தான் வருமானம் என்ற நிலை அவருக்கு வரக் கூடாது. பொதுநிதியிலிருந்து பாபநாசம் போன்ற படித்துறைகளில் விட்டுச்செல்லப்படும் துணிகளை அகற்றலாம். உரிய அனுமதியோடு, பறவைகள் கிளம்பிய பின், கூடுள்ள மரம் எதையும் வெட்டாமல் வண்டல் எடுக்கலாம். நீர்மருதும் நாட்டுக் கருவேலமும் நடலாம்.

முதல் பருவத்தில் வார இறுதி நாள்களில் மட்டும் திறந்து, பருவம் முடிந்ததும் கூடுகளின் எண்ணிக்கையையும், நிலமற்ற குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் சேர்ந்த தொகையையும் சபையில் சேர்த்துப் படியுங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அடுத்த பருவத்தில் பயணிகளைப் பாதியாகக் குறைப்பது என்ற விதியைத் தொடக்கத் தீர்மானத்திலேயே சேர்த்துவிட வேண்டும்; வருமானம் வரத் தொடங்கிய பிறகு அதை எழுத யாருக்கும் மனம் வராது.