பழைய ஏர் மெயில் கவர்: புதிதாகச் சேர்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

எங்கள் தபால் தலைச் சங்கத்துக்கு இப்போது இளைஞர்கள் நிறைய வருகிறார்கள். அவர்களிடம் 1930களின் விமானத் தபாலுக்குத்தான் மவுசு. கவரை ஒட்டி, அது போன வழியை எழுதி அவர்கள் கொண்டுவரும் கண்காட்சிப் பக்கங்களைப் பார்த்தால், எங்கள் தலைமுறை ஒரு காலத்தில் செய்த கோளாறுகள் வரிசை மாறாமல் திரும்பி வந்திருக்கின்றன.

கவரிலிருந்து தபால் தலையை ஊறவைத்துப் பிரிக்காதீர்கள், செலோ டேப் ஒட்டாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதைச் செய்கிறவர் இதைப் படிக்கப்போவதும் இல்லை. விவரம் தெரிந்தவர்களே வழுக்கும் இடங்களைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

லேபிள் இருந்தால் முழு வழியும் பறந்தது என்று நம்புவது

என்னை இன்னமும் எரிச்சல்படுத்துகிற தவறு இது. பணம் அதிகம் கரைவதும் இதில்தான்.

கவரின் முன்பக்கம் மெட்ராஸ் முத்திரை, லண்டன் முகவரி, நீல நிற ஏர் மெயில் லேபிள். இது போதும். உடனே ஒரு வரைபடம் ஒட்டி, மெட்ராஸிலிருந்து லண்டனுக்கு ஸ்கேலை வைத்து ஒரு சிவப்புக் கோடு. கவர் 1929 ஜூன் மாதத்துடையது என்றால் அந்தக் கோடு முதல் அங்குலத்திலிருந்தே தப்பு. அப்போது மெட்ராஸிலிருந்து தபால் விமானச் சேவையே கிடையாது. அந்தக் கடிதம் ரயிலேறிக் கராச்சிக்குப் போனது.

இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனம் லண்டன்–கராச்சி சேவையைத் தொடங்கியது 1929 மார்ச் 30-இல். கராச்சியிலிருந்து மேற்கே முதல் விமானம் ஏப்ரல் 7-இல் கிளம்பியது. மொத்தப் பயணம் 7 நாள். அந்த 7 நாளும் ஒரே விமானத்தில் போனதாக நினைக்கக் கூடாது. லண்டனின் குராய்டன் விமான நிலையத்திலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் வரை ஆர்கோஸி விமானம். பாசலிலிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை ரயில். குறுக்கே ஆல்ப்ஸ் மலை நின்றது ஒரு காரணம், இத்தாலி தன் வானத்தில் நுழையவிடாமல் செய்த கெடுபிடி இன்னொரு காரணம். ஜெனோவாவிலிருந்து அலெக்சாண்ட்ரியா வரை மத்தியதரைக் கடல் மேல் ஷார்ட் கல்கத்தா என்ற நீர்விமானம். அங்கிருந்து பாக்தாத், பாஸ்ரா, பாரசீக வளைகுடா வழியாகக் கராச்சி வரை டி ஹாவிலாண்ட் ஹெர்குலிஸ். இரட்டை இறக்கையும் மூன்று எஞ்சினும் கொண்ட விமானம் அது. ஆக, நம் மெட்ராஸ் கடிதம் ரயில், ஹெர்குலிஸ், நீர்விமானம், மறுபடி ரயில், ஆர்கோஸி என்று மாறி மாறி ஏறித்தான் லண்டன் போய்ச் சேர்ந்தது.

அப்புறம், இந்த வழியும் நிலைக்கவில்லை. 1929 அக்டோபர் 26-இல் 'சிட்டி ஆஃப் ரோம்' என்ற கல்கத்தா நீர்விமானம் இத்தாலியின் ஸ்பெட்சியாவுக்கு அப்பால் புயலில் கடலில் இறங்கி, அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள். இத்தாலியோடு இருந்த தகராறும் முற்றிப்போய், ஜெனோவா வழி கைவிடப்பட்டது. கிரீஸின் சலோனிகாவுக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும் இடையே தபால் ரயிலில் போனது. பிறகு வந்தது பாரிஸ்–பிரிண்டிசி ரயில். அது பல வருஷம் நீடித்தது. 1929 ஜூன் கவருக்கும் 1930 ஜனவரி கவருக்கும் லேபிள் ஒன்று, விமான நிறுவனம் ஒன்று, ஆனால் ஐரோப்பாவில் போன வழி வேறு. தேதி பார்க்காமல் வழி எழுதுகிறவர்களை என்ன சொல்வது!

சரி, கவர் எது வரை பறந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் கராச்சி முத்திரை இருந்தால் அதன் தேதியை மெட்ராஸ் தேதியோடு ஒப்பிடுங்கள். இடையில் சில நாள் இடைவெளி இருந்தால் அது ரயில் பயணம். கராச்சித் தேதியை அந்த வார விமானம் கிளம்பிய தேதியோடு சேர்த்துப் பாருங்கள். சேகரிப்பாளர்கள் லண்டனிலிருந்து வந்தவற்றை ஐ.இ. என்றும் லண்டனுக்குப் போனவற்றை ஐ.டபிள்யூ. என்றும் எண் போட்டு அட்டவணையாகவே வைத்திருக்கிறார்கள். அனுப்பியவர் கையால் "விமானம், கராச்சி–லண்டன்" என்று மேலே எழுதியிருந்தால், மெட்ராஸிலிருந்து கராச்சி வரை ரயில்தான் என்பதை அவரே சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

கடைசியாக, லேபிள் மேல் விழுந்திருக்கும் இரண்டு இணைகோடுகள். சிவப்பு, ஊதா, கறுப்பு, எந்த நிறத்திலும் இருக்கலாம். விமானப் பயணம் இங்கே முடிந்தது, இனிமேல் சாதாரணத் தபால் என்பதற்காகத் தபால்காரர்கள் போட்ட அடையாளம் அது. வழிகாட்டிப் பலகை மாதிரி நட்ட நடுவில் நின்று எது வரை விமானம் என்று சொல்கிறது.

இந்தக் கோடுகளை வைத்து நடந்த ஒரு கூத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சங்கத்தில் ஒரு பெரியவர். கைசுத்தம், பொறுமை எல்லாம் உள்ளவர். அவரிடம் 1931-ஆம் ஆண்டு மெட்ராஸ் கவர் ஒன்று இருந்தது. லேபிள் மேல் அழுத்தமான ஊதாக் கோடுகள், பின்பக்கம் தெளிவான கராச்சி முத்திரை. நல்ல கவர். ஒரு கண்காட்சிக்கு முன்னால் அதை எடுத்துவந்து காட்டினார். கோடுகளைக் காணோம். "யாரோ கிறுக்கியிருந்தாங்க தம்பி, பிளீச் போட்டு எடுத்துட்டேன், இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க" என்றார். ஊதா மையோடு லேபிளின் நீலமும் வெளுத்து, காகிதத்தில் மஞ்சள் வளையம். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அந்தக் கவரின் முக்கியமான சாட்சியைக் கொன்றுவிட்டு, அதற்கு மேல் "மெட்ராஸ்–லண்டன் முழுப் பறப்பு" என்று தலைப்பும் எழுதியிருந்தார்.

அவரையாவது மன்னிக்கலாம், தன் பொருளைத்தான் கெடுத்தார். அதே தலைப்பைப் போட்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கிற வியாபாரிகளை என்ன செய்வது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தம்பி சம்பளத்தில் பாதியைக் கொட்டி அப்படி ஒரு கவர் வாங்கிவந்து, "அண்ணே, இது எந்த பிளேன்ல போயிருக்கும்?" என்று கேட்டார். "முதல்ல ரயில்ல போயிருக்கும்" என்றேன். முகம் வாடிப்போயிற்று. அந்தக் கோபத்தில் கவரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். அது இரண்டாவது தவறு. ஐந்து வண்டி மாறிப் போன கடிதத்தின் கதை நேர்கோட்டைவிடச் சுவையானது. வழியைச் சரியாக எழுதிக் காட்டியிருந்தால் நடுவர்கள் நின்று படித்திருப்பார்கள்.

மெட்ராஸுக்கு விமானத் தபால் வந்தது 1932 அக்டோபர் 15-இல் தொடங்கிய டாடா சேவையில். ஜே.ஆர்.டி. டாடா சுமார் 25 கிலோ தபாலோடு கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு ஓட்டியவர் நெவில் வின்சென்ட். மெட்ராஸ்–கராச்சிப் பகுதிக்கு அந்த நாளுக்குப் பிறகு சிவப்புக் கோடு போடுங்கள், ஆட்சேபம் இல்லை. ஐரோப்பாவில் மட்டும் ரயில் பாதையை மறக்க வேண்டாம்.

ஜூலை மாதக் கவரில் ஜூஹு என்று எழுதுவது

மழைக்காலத்தில் ஜூஹு சேறாகிவிடும். அந்த மாதங்களில் டாடா விமானங்கள் பூனாவில் இறங்கின.

1929 கவருக்கு ஷார்ஜா வழி போடுவது

1932 அக்டோபர் வரை விமானங்கள் வளைகுடாவின் பாரசீகக் கரையில் ஜாஸ்க், லிங்கே, புஷைர் என்று இறங்கிப் போயின. அதன் பிறகுதான் அரபுக் கரைக்கு மாறி, ஷார்ஜாவும் பஹ்ரைனும் படத்துக்குள் வந்தன. இது தெரியாமல் ஷார்ஜாவில் உள்ள கோட்டையின் படத்தை 1930 கவருக்குப் பக்கத்தில் அழகுக்கு ஒட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது.

தபால் தலையில் இருக்கும் விமானம்தான் கடிதத்தைச் சுமந்தது என்பது

1929-இல் வந்த இந்தியாவின் முதல் ஏர் மெயில் தபால் தலைகள் ஆறிலும் ஹெர்குலிஸ் விமானம் இருக்கிறது. அந்தத் தலைகளை ஒட்டிய 1933 கவர்கள் எத்தனையோ உண்டு. 1932-க்குப் பிறகு மெட்ராஸில் போட்ட கடிதத்தைக் கராச்சிக்குக் கொண்டுபோனவை பஸ் மாத் போன்ற ஒற்றை எஞ்சின் குட்டி விமானங்கள். கராச்சிக்கு மேற்கேயும் அப்போது ஹன்னிபல் வகை நான்கு எஞ்சின் விமானங்கள் வந்துவிட்டன. அந்த ஹன்னிபல் படத்தை 1929 கவருக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த விமானம் பயணச் சேவைக்கு வந்ததே 1931-இல்.

இதே ரகத்தில் இன்னொன்று. ஜே.ஆர்.டி.யின் 1932 பறப்பு என்று சொல்லி ஒட்டப்படும் படங்களில் சில 1982-இல் எடுத்தவை. பொன்விழாவுக்காக அவர் அதே கராச்சி–பம்பாய் வழியில் மறுபடி பறந்தார். அப்போது ஓட்டியது பஸ் மாத் அல்ல, லெப்பர்ட் மாத். இரண்டும் மேல் இறக்கை, மூடிய அறை, ஒற்றை எஞ்சின். சட்டென்று வித்தியாசம் தெரியாது. சக்கரத்தின் நீளக் கம்பியைப் பாருங்கள். பஸ் மாத்தில் அது முன்ஜன்னலின் மேல் விளிம்புக்குப் போகும். லெப்பர்ட் மாத்தில் எஞ்சினுக்குப் பின்னால் முடிந்துவிடும். அதற்கும் முன்னால் ஓட்டுபவரின் வயதைப் பாருங்கள் ஐயா. 1932-இல் அவருக்கு 28.

அலகாபாத் 1911 கவர் முழுக்கப் பறந்ததாக எழுதுவது

பிப்ரவரி 18-இல் ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களை யமுனைக்கு மேல் நைனி வரை கொண்டுபோனார். ஏறத்தாழ 10 கிலோமீட்டர். லண்டனுக்கு முகவரி எழுதிய கடிதம்கூட அதற்கு மேல் ரயில், கப்பல் என்றுதான் போனது. முத்திரை செம்மை கலந்த ஊதா நிறம். விலை அதிகம் என்பதால் போலிகளும் உண்டு. அசல்தான் என்ற நிபுணர் சான்றிதழ் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

எரிந்த ஓரம் உள்ளதெல்லாம் விமான விபத்தில் தப்பிய கவர் என்பது

மெழுகுவத்தி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

லேபிள் இல்லாவிட்டால் பறக்கவில்லை என்று ஒதுக்குவது

முதல் தவறிலிருந்து பாடம் கற்றுக்கொண்டவர்கள் நேராக வந்து விழும் இடம் இது. 1938 பிப்ரவரியில் பேரரசு விமானத் தபால் திட்டம் இந்தியாவுக்கு வந்தது. பிரிட்டனுக்கும் அந்தத் திட்டத்தில் சேர்ந்த மற்ற நாடுகளுக்கும் போன சாதாரணக் கடிதங்களே தனிக் கட்டணம் இல்லாமல் விமானத்தில் ஏறின. இந்தியாவிலிருந்து 2½ அணா. லேபிள் ஒட்டத் தேவையில்லை, பலர் ஒட்டவும் இல்லை. அதே பிப்ரவரி 28-இல் டாடாவின் கராச்சிச் சேவை மெட்ராஸ், திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் திட்டம் நின்றது.

அந்த ஒன்றரை வருஷத்துக் கவர்கள் பார்க்க வெறும் வியாபாரக் கடிதம் மாதிரி இருக்கும். இரண்டரை அணாத் தலை, தட்டச்சு முகவரி, வேறொன்றும் இருக்காது. வியாபாரிகள் இவற்றை 'எதை எடுத்தாலும் ஒரே விலை' பெட்டியில் போட்டுவைக்கிறார்கள். கண்காட்சியில் எல்லோரும் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் கூட்டம் போடும்போது, நீங்கள் அந்தப் பெட்டியைக் கிளறுங்கள். தேதியையும் கட்டணத்தையும் பாருங்கள். திருச்சி முத்திரையோடு 1938 மார்ச் மாதக் கவர் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.