வேலை கிடைச்சா ஹோம் ஒபிஸ் வீடும் காசும் என்ன ஆகும்? இங்கிலாந்தில அகதி அந்தஸ்து கேட்டிருக்கிற, கிடைச்ச ஆக்களுக்கு

வேலைக்குப் போனா வீட்டால எழுப்பிப்போடுவாங்கள், பேசாம இரு எண்டு நான் வந்த புதுசில ரெண்டு மூண்டு பேர் சொன்னவை. அதில பாதி பிழை. கனபேருக்கு வீடு போறது வேலையால இல்லை, விசா, அதாவது அகதி அந்தஸ்து, கிடைக்கிறதாலதான்.

கேஸ் இன்னும் முடியேல்லை எண்டா, 12 மாசமா முடிவு வராம இருந்து அந்தப் பிந்தல் உங்கட பிழையா இல்லாட்டி ஹோம் ஒபிஸிட்ட வேலை செய்ய அனுமதி கேக்கலாம். அவையின்ர லிஸ்டில இருக்கிற வேலை மட்டும்தான், சொந்தமா பிஸ்னஸ் செய்யேலாது. வேலை தொடங்கினா உடன அறிவியுங்கோ, சம்பளத்தைப் பார்த்து அஸ்பன் காட்டுக்கு (ஹோம் ஒபிஸ் செலவுக்காசு போடுற காட்) வாற காசைக் குறைப்பினம் இல்லாட்டி நிப்பாட்டுவினம், வீட்டுச் செலவுக்கும் பங்கு கேக்கலாம். அனுமதி இல்லாம கைக்காசுக்கு வேலை செய்யிற கதைக்கு நான் வரேல்லை, அது கேஸையே பாதிக்கும்.

விசா வந்திட்டா வேற கணக்கு. நீங்கள் வேலை செய்தாலும் செய்யாட்டியும் ஹோம் ஒபிஸ் தன்ர வீட்டையும் காசையும் நிப்பாட்டும், வழமையா 28 நாள்தான் தவணை. 2024 டிசம்பரில 56 நாளாக்கிப் பார்த்து பிறகு மாத்தினவை, அதால மற்றவைக்கு எத்தினை நாள் குடுத்தது எண்டு கேட்டுக்கொண்டு இருக்காம உங்கட லெட்டரில இருக்கிற திகதியைப் பாருங்கோ.

லெட்டர் வந்த அண்டைக்கே யூனிவர்சல் கிரெடிட்டுக்கு (யூசி எண்டு சொல்லுறது, வருமானம் குறைஞ்சவைக்கு அரசாங்கம் குடுக்கிற காசு) ஒன்லைனில போடுங்கோ. முதல் காசு வர அஞ்சு கிழமை ஆகும், இடையில அட்வான்ஸ் கேக்கலாம், ஆனா அது கடன், பிறகு மாசாமாசம் வெட்டுவினம். அதே கையோட கவுன்சிலுக்கும் போங்கோ. 56 நாளுக்குள்ள வீடில்லாமப் போற ஆளுக்கு உதவி செய்யவேணும் எண்டு 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. பிள்ளையள் இருந்தா, இல்லாட்டி வருத்தக்காரர் எண்டா தற்காலிக வீடு கிடைக்கிற சான்ஸ் கூட. தனி ஆம்பிளை எண்டா அனேகமா ரூம் தேடவும் டிப்போசிட்டுக்கும்தான் உதவுவினம். 35 வயசுக்குக் கீழ எண்டா ஷெயாரிங் ரூமுக்கான அளவுதான் யூசியில வாடகைக்காசு வரும், தனி ஃபிளாட் பார்த்து நேரத்தை வீணாக்காதேங்கோ.

இப்ப வேலை. வேலை கிடைச்ச உடன யூசி முழுசா நிக்காது. கையில வாற சம்பளத்தில ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறைப்பினம். 400 பவுண் உழைச்சா யூசியில 220 குறையும், 180 உங்களுக்கு மிச்சம். பிள்ளையள் இருக்கிறவைக்கும் வருத்தத்தால முழுசா வேலை செய்யேலாதவைக்கும் முதல்ல ஒரு தொகையை விட்டிட்டுத்தான் இந்தக் கழிவு தொடங்கும். வேலை செய்தா நட்டம் எண்ட கதை இங்கதான் பிழைக்குது.

நான் மாட்டுப்பட்டது வேற இடத்தில. யூசிக்கு மாசக்கணக்கு, எனக்கு 12ந் திகதியில இருந்து அடுத்த மாசம் 11 மட்டும். என்ர கொம்பனி நாலு கிழமைக்கு ஒருக்கா சம்பளம் போடுது. அப்பிடி எண்டா வருசத்தில ஒருக்கா ஒரு மாசக்கணக்குக்குள்ள ரெண்டு சம்பளம் விழும். எனக்கு விழுந்த மாசம் யூசி பூச்சியம், வாடகை நாள் வருது, நான் ஏதோ பிழை விட்டிட்டன் எண்டு ராத்திரி முழுக்க ஜேர்னலை (யூசியின்ர ஒன்லைன் கணக்கில மெசேஜ் வாற இடம்) நோண்டிக்கொண்டு இருந்தன். பிழை ஒண்டும் இல்லை, திகதிதான். முதல் சம்பளம் வந்த உடனேயே கலண்டரில அந்த மாசத்தைக் குறிச்சு, கொஞ்சம் காசு ஒதுக்கி வையுங்கோ. பூச்சியம் வந்து கிளெயிம் மூடிட்டா பேசாம இருக்காதேங்கோ, அடுத்த மாசத்துக்குத் திரும்பப் போடவேணும்.

முதல் சம்பளத்தில ரக்ஸ் கூட வெட்டியிருந்தா பேஸ்லிப்பில ரக்ஸ் கோட் (code) என்ன எண்டு பாருங்கோ. பி ஆர் (BR) எண்டு இருந்தா முதல் பவுணில இருந்தே 20 வீதம் போகுது. ஒரே ஒரு வேலை செய்யிற ஆளுக்கு அது பிழையான கோட், ரக்ஸ் ஒபிஸுக்கு அடிச்சா மாத்தித் தருவினம், கூட வெட்டினதும் திரும்பி வரும்.

கவுன்சிலின்ர தற்காலிக வீட்டில இருக்கிற ஆக்கள் மட்டும் கூடக் கவனம். உங்கட வாடகை யூசியில இல்லை, ஹவுசிங் பெனிபிட்டில (கவுன்சில் தாற வாடகை உதவி) வருது. யூசி ஒரு பவுணாவது வாற மட்டும் பிரச்சினை இல்லை, அது பூச்சியமானா ஹவுசிங் பெனிபிட்டும் சம்பளத்தைப் பார்த்துக் குறையும், அந்த வீடுகளின்ர வாடகையும் லேசுப்பட்டதில்லை. ஓவர்டைமுக்கு ஓம் சொல்லமுதல் பேஸ்லிப்பைக் கொண்டுபோய் கவுன்சிலில, எவ்வளவு உழைச்சா நான் எவ்வளவு வாடகை கட்டவேணும் எண்டு எழுத்தில கேளுங்கோ.