நீரற்ற கரைப்பான்களைக் கையாளுதலும் சேமித்தலும்

நீரற்ற கரைப்பான் உள்ள புட்டியின் ரப்பர் அடைப்பைக் கழற்றாமல், உலர்ந்த நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுவை முதலில் ஓர் ஊசி வழியே மெல்லிய அழுத்தத்தில் செலுத்தி, அதன் பிறகே, ஓவனில் உலர்த்தி அதே வாயுவால் சில முறை அலசிய சிரிஞ்சால் வேண்டிய அளவை உறிஞ்ச வேண்டும். வெளியேறும் திரவத்தின் இடத்தை வாயுவே நிரப்புவதால் ஈரக்காற்று உள்ளே புகாது. மிஞ்சியதை மீண்டும் புட்டியில் சேர்க்கவே கூடாது.

உலர்வைக் காக்க நீரை ஈர்த்துப் பிடிக்கும், 3 ஆங்ஸ்ட்ராம் நுண்துளை கொண்ட மூலக்கூறு சல்லடை மணிகளே பெரும்பாலும் என் முதல் தேர்வு. ஆனால் அவற்றை வெற்றிடத்தில் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் சூடாக்கி, மந்த வாயுவில் ஆறவைத்த பின்னரே இட வேண்டும். எஞ்சிய ஈரத்தை ஊகிக்காமல் நீரின் அளவைக் கண்டறியும் வேதிமுறையான கார்ல் ஃபிஷர் தரம்பார்த்தலால் அளவிடுங்கள்.

டெட்ராஹைட்ரோபியூரான், டைஎத்தில் ஈதர் ஆகிய ஈதர் வகைக் கரைப்பான்களின் புட்டிகளில் திறந்த தேதியை எழுதி, ஒளி படாமல் வைத்து, வெடிக்கக்கூடிய பெராக்சைடு உருவாகியுள்ளதா எனத் தவறாமல் சோதியுங்கள். சோதிக்காத ஈதரை ஒருபோதும் வற்றக் காய்ச்சாதீர்கள்.