ஐரிஷ் டீசல் லோகோ மாடல்ல லிவரி சரியா இருக்கான்னு பாக்குறது எப்படி

ஐரிஷ் டீசல் லோகோ (ரயில் எஞ்சின்) மாடல்னு பேச்செடுத்தாலே எல்லாரும் முதல்ல சண்டை போடுறது ஆரஞ்சு ஷேட் சரியா தப்பான்னுதான். என்னைக் கேட்டா அது கடைசியா பாக்க வேண்டிய விஷயம். ஷேட் லேசா மாறினா ரெண்டடி தள்ளி நின்னா தெரியவே தெரியாது, ஆனா 1965ல இருக்க வேண்டிய நம்பரும் 1987க்கு அப்புறம் வந்த வெள்ளைக் கோடும் ஒரே பாடியில இருந்தா அது எந்த வருஷத்துலயுமே ஓடாத வண்டி. அதனால டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல ரெண்டு விஷயம் எழுதிக்கோங்க: எந்த நம்பர் வண்டி, எந்த வருஷம். இனிமே செய்யப்போற ஒவ்வொரு செக்கும் இந்த ரெண்டுக்கும் எதிராத்தான்.

வருஷம் ஏன் இவ்ளோ முக்கியம்னா, அங்க லிவரி, அதாவது வண்டிக்கு அடிக்கிற கலரும் கோடும் சின்னமும், அடிக்கடி மாறியிருக்கு. ஏ கிளாஸ்ங்கற எஞ்சின் வகையை எடுத்துக்கோங்க. மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் கட்டின 60 வண்டி, 1955-56ல வந்துச்சு, வந்தப்போ வெள்ளி கலர். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா டீசல் புகையிலயும் கிரீஸ்லயும் அந்த வெள்ளி கொஞ்ச நாள்லயே அழுக்கு சாம்பலா போயிடுச்சு, அப்புறம் பச்சை, அப்புறம் கருப்பு, அப்புறம் கருப்பும் டானும் சேர்ந்தது (அந்த ஆரஞ்சு கலந்த பிரவுனைத்தான் அங்க டான்னு சொல்றாங்க), 1972லருந்து சூப்பர்டிரெயின்னு சொல்ற ஆரஞ்சு-கருப்பு. ஒரே பாடிக்கு இத்தனை வேஷம்.

இதுல வர சிக்கல் என்னன்னா பாடியும் மாறியிருக்கு. இந்த வண்டிங்கள்ல முதல்ல இருந்தது கிராஸ்லி எஞ்சின், சும்மா சும்மா மக்கர் பண்ணுச்சு, அதனால 1968லருந்து 1971க்குள்ள எல்லாத்தையும் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினுக்கு மாத்திட்டாங்க, மாத்தினப்போ கூரைப் பக்கமும் மாறுச்சு, நம்பருக்குப் பின்னாடி ஆர் எழுத்தும் சேர்ந்துச்சு. அப்போ வெள்ளி கலர் ஏ கிளாஸ் வாங்குறீங்கன்னா கூரை கிராஸ்லி காலத்துக் கூரையா இருக்கணும், நம்பர்ல ஆர் இருக்கக் கூடாது. ஐரிஷ் ரயில்வே மாடல்ஸ் போட்ட ஏ கிளாஸ்ல இந்த மாதிரி காலத்துக்குத் தகுந்த வேறுபாடு தனித்தனி வெர்ஷன்ல வருது, அதனால லிவரியை மட்டும் பாத்து ஆர்டர் போடாம எந்த நம்பர், எந்தக் காலம்னு சேர்த்துப் பாருங்க.

நம்பர்ல இன்னொரு பொறி இருக்கு, புதுசா வரவங்க நிறைய பேர் இதுல மாட்டுவாங்க. 201 கிளாஸ்னு ரெண்டு இருக்கு. ஒண்ணு 1957ல மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ்கிட்ட வாங்கின சின்ன வண்டி, முதல்ல சி201லருந்து சி234 வரைக்கும் நம்பர், பிறகு எஞ்சின் மாத்தினதுக்கப்புறம் சிக்குப் பதிலா பி. இன்னொண்ணு 1994-95ல கனடாவுல இருந்து வந்த பெரிய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி, அதுவும் 201லருந்து 234 வரைக்கும்தான், அதுல முதல் வண்டியை விமானத்துல ஏத்தி டப்ளின்ல இறக்கினாங்கங்கறது தனிக்கதை. ரெண்டுலயும் 34 வண்டி! அதனால போட்டோ தேடுறப்போ வெறும் 215னு போட்டா எது வரும்னு சொல்ல முடியாது, வருஷத்தையும் சேர்த்துப் போடுங்க.

1972 வாக்குல நம்பருக்கு முன்னாடி இருந்த எழுத்தெல்லாம் போயிடுச்சு. ஏ39ங்கறது 039 ஆச்சு, பி141ங்கறது 141 ஆச்சு. இதை மனசுல வெச்சா கடையில நிக்கிறப்போவே பாதித் தப்பைப் பிடிச்சிடலாம். பி எழுத்தோட முழு சூப்பர்டிரெயின் பெயின்ட் பாத்தீங்கன்னா உடனே சந்தேகப்படுங்க, பெயின்ட் மாறின காலமும் நம்பர் மாறின காலமும் ஒட்டி வரதால நடுவுல மாட்டின வண்டி இருக்கலாம், ஆனா அதுக்கு தேதி போட்ட போட்டோ வேணும். 071 கிளாஸ்ல இந்தக் குழப்பமே கிடையாது, 1976ல வந்து சேர்ந்து 1977ல ஓட ஆரம்பிச்ச 18 வண்டி, ஆரஞ்சு-கருப்புல பொறந்தது, எழுத்து எதுவும் இல்ல.

அடுத்தது லோகோ, எஞ்சின் இல்ல, கம்பெனி சின்னம். சி.ஐ.இ.ன்னு 1945ல அயர்லாந்தோட போக்குவரத்துக் கம்பெனி ஆரம்பிச்சப்போ பறக்கும் நத்தைன்னு கிண்டலா கூப்பிடுற சின்னம், 1960கள்ல அது போய் உடைஞ்ச சக்கரம் மாதிரி இருக்கற வட்டம், 1987ல ரயிலுக்கு மட்டும் ஈயர்ன்ரோட் ஏரன்னு (இங்கிலீஷ்ல ஐரிஷ் ரெயில்) தனி கம்பெனி பிரிஞ்சதும் ஐ.ஆர். லோகோ, 1990கள் நடுவுல அது ஐ.இ.ன்னு மாறுச்சு. 1987க்கு அப்புறம்தான் கருப்புப் பட்டைக்கு மேலயும் கீழயும் அந்த மெல்லிய வெள்ளைக் கோடு, ஃபேன்ஸ் அதை டிப்பெக்ஸ் லிவரின்னு சொல்லுவாங்க, ஒயிட்னர் தடவின மாதிரி இருக்கறதால. ஆக வெள்ளைக் கோடும் வட்ட லோகோவும் சேர்ந்து வந்தா நிறுத்திப் பாருங்க. ஐ.ஆர். லோகோ இருந்து கோடு இல்லாட்டியும் அதே மாதிரிதான். எல்லா வண்டியும் ஒரே நாள்ல பெயின்ட் மாறல, டப்ளின்ல இன்ச்சிகோர் ஒர்க்‌ஷாப்புக்கு ஓவர்ஹாலுக்கு வரப்போதான் மாறுச்சு, அதனால பழசும் புதுசும் பல வருஷம் பக்கத்துப் பக்கத்துல ஓடியிருக்கு. உங்க வண்டி எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு போட்டோதான் சொல்லணும்.

எழுத்துல ஒரு சின்ன விஷயம், ஐரிஷ் மொழியில உயிரெழுத்து மேல வர சாய்ந்த கோடு, ஃபாடான்னு சொல்லுவாங்க, அது கம்பெனிப் பேர்ல இருக்கு. மலிவான டிகால்ல (மாடல் மேல ஒட்டுற எழுத்து ஸ்டிக்கர்) அது காணாமப் போயிருக்கும் இல்லன்னா எழுத்தோட ஒட்டிக்கிட்டு புள்ளி மாதிரி ஆயிருக்கும். லென்ஸ் வெச்சுப் பாருங்க. பெரிய 201 கிளாஸ் வண்டிகளுக்கு ஆத்துப் பேரு வெச்சிருக்காங்க, ஐரிஷ்லயும் இங்கிலீஷ்லயும், அதனால பேர்ப்பலகையை ரெண்டு பக்கத்துப் போட்டோவோடயும் வெச்சு ஒத்துப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க. 206லருந்து 209 வரைக்கும் டப்ளின்-பெல்ஃபாஸ்ட் என்டர்பிரைஸ் ரயிலுக்கான லிவரியில ஓடினது, அதுல 208ம் 209ம் வட அயர்லாந்து ரயில்வேயோடது, பிற்காலத்துல முன்னாடி ஒரு 8 சேர்ந்து 8208, 8209னு ஆச்சு. என்டர்பிரைஸ்லயே 1997ல வந்த டிசைன் ஒண்ணு, ரயிலைப் புதுப்பிச்சப்போ வந்தது இன்னொண்ணு. 216 மட்டும் 2016ல ஒரு ஆடம்பர டூரிஸ்ட் ரயிலுக்காக கடல் நீல கலருக்குப் போச்சு, அந்த நீலத்துல வேற நம்பர் போட்டு விக்கிற செகண்ட் ஹேண்ட் மாடல் பாத்தா யாரோ வீட்டுல உக்காந்து செஞ்சதுன்னு அர்த்தம்.

இப்போ அளவு. மாடல் ஓஓ ஸ்கேல், 76ல ஒண்ணு. நிஜத்துல 50 மில்லிமீட்டர் கோடுன்னா மாடல்ல 0.66 மில்லிமீட்டர்தான் வரணும், 1 மில்லிமீட்டர் இருந்தா நிஜத்துல 76 மில்லிமீட்டர் தடிமன் ஆயிடும், கண்ணுக்கு நல்லாவே தெரியும். நிஜ வண்டியோட கோடு எவ்ளோன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? சக்கரத்தை வெச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளோட சக்கரம் புதுசா இருக்கறப்போ 40 இஞ்ச், அதாவது 1016 மில்லிமீட்டர். நேர் பக்கவாட்டுல எடுத்த போட்டோ ஒண்ணு எடுத்துக்கோங்க, அதுல சக்கரத்தோட குறுக்களவை அளந்து, கோட்டோட தடிமனையும் அளந்து, வகுத்துக்கோங்க. மாடல்ல சக்கரம் 13.3 மில்லிமீட்டர் வரணும், அதே விகிதம் கோட்டுக்கும். சக்கரம் தேய்ஞ்சா குறுக்களவு கொஞ்சம் குறையும், நம்ம வேலைக்கு அது பெரிசில்ல. சாய்வா எடுத்த போட்டோவுல மட்டும் இதைச் செய்யாதீங்க. கருப்புப் பட்டை கேபின் ஜன்னலுக்கு எந்த மட்டத்துல முடியுது, மூலையில எப்படி வளையுதுங்கறதையும் இதே மாதிரி பாக்கலாம், பெரும்பாலும் தப்பு இருக்கறது இந்த மூலைகள்லதான்.

121 கிளாஸ்னா இன்னும் கவனம் வேணும். 15 வண்டி, ஒரு பக்கம் மட்டும் கேபின், மறு பக்கம் எஞ்சினை மூடுற நீளமான ஹூட், அதனால ரெண்டு முனையும் வேற, லிவரி ரெண்டு முனையிலயும் வேற மாதிரி முடியும். வந்தப்போ சாம்பலும் மஞ்சளும், எனக்கு ரொம்பப் பிடிச்ச லிவரி அதுதான், ஆனா அதுல ஓட்டணும்னா 1960களுக்குள்ளயே நிக்கணும். முதல்ல இதுல ரெண்டு வண்டியைச் சேர்த்து ஒரே டிரைவர் ஓட்டுற வசதி கிடையாது, பின்னாடிதான் போட்டாங்க. சாம்பல்-மஞ்சள் மாடலோட முன்பக்கத்துல அந்த கூடுதல் குழாய் இணைப்பெல்லாம் தொங்கினா காலம் ஒட்டல.

போட்டோ எங்க இருந்து எடுக்கணும்? தேதியும் இடமும் எழுதினது மட்டும். தேதி இல்லாத போட்டோ அழகா இருக்கும், ஆதாரம் ஆகாது. மியூசியத்துலயும் பழைய வண்டிகளைப் பாதுகாத்து ஓட்டுற ரயில்வேயிலயும் இருக்கற வண்டியை அளவுக்கும் உதிரிபாகத்துக்கும் பாருங்க, வட அயர்லாந்துல டவுன்பேட்ரிக்ல இருக்கற ஏ39 மாதிரி, ஆனா அதோட பெயின்ட்டை அப்படியே நம்பிடாதீங்க, அது பின்னாடி புதுசா அடிச்சது. அதே மாதிரி 071 கிளாஸ்ல 071ங்கற நம்பர் வண்டியை சமீப வருஷங்கள்ல பழைய ஆரஞ்சு-கருப்புக்கே திரும்ப மாத்தினாங்க, 073ஐ ஐ.ஆர். லிவரிக்கு. இந்தப் புது போட்டோவைப் பாத்து 1977 மாடலை எடை போட்டா லைட், கேபின் சாமான் எல்லாம் தப்பாகும். கூட்டத்துல மிச்ச 071 பெரும்பாலும் சாம்பல் உடம்பு மஞ்சள் முகம்தான் இப்போ, நாவன் பக்கத்து டாரா சுரங்கத்துல இருந்து டப்ளின் துறைமுகத்துக்குப் போற தாது ரயில்ல பாக்கலாம்.

கடைசியா ஷேட். பழைய ஸ்லைடு ஃபிலிம் ஒவ்வொண்ணும் ஆரஞ்சை ஒவ்வொரு மாதிரி காட்டும், பிரிண்ட் வெளுத்திருக்கும், மானிட்டர் ஒரு கதை சொல்லும். நிஜத்துலயும் புது பெயின்ட்டும் அஞ்சு வருஷம் வெயில்ல கெடந்த பெயின்ட்டும் ஒண்ணு கிடையாது. அதனால மாடலை மஞ்சள் பல்பு அடியில பாத்து பிரவுனா இருக்குன்னு திட்டாதீங்க, பகல்ல ஜன்னல் ஓரத்துல, நேரா வெயில் படாம வெச்சுப் பாருங்க. ஒரே லிவரியில ரெண்டு கம்பெனி மாடல் பக்கத்துல வெச்சா ஷேட் மாறத்தான் செய்யும், நான் அதைப் பெருசா எடுத்துக்கறதில்ல, ரெண்டுக்கும் ஒரே மாதிரி அழுக்கு தட்டினா பாதி வித்தியாசம் மறைஞ்சிடும். சின்ன மாடல்ல அடர் கலர் இன்னும் அடர்த்தியா தெரியும், அதனால தயாரிக்கறவங்க கொஞ்சம் வெளிர்ப்பா போடுறதும் உண்டு, அது தப்பில்ல.

தப்பு நம்பர் மட்டும்தான்னா மாத்திக்கலாம், பயப்பட வேணாம். முதல்ல அடிப்பக்கம் மாதிரி தெரியாத இடத்துல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி போட்டு பெயின்ட் கரையுதான்னு பாருங்க. கரையலன்னா காட்டன் பட்ஸை லேசா நனைச்சு நம்பர் மேல மட்டும் தேய்ங்க, அழுத்தாதீங்க, மர டூத்பிக்கால மிச்சத்தைச் சுரண்டுங்க. அந்த இடத்துக்கு பளபளன்னு இருக்கற கிளாஸ் (gloss) வார்னிஷ் ஒரு கோட்டு, காஞ்சதும் வாட்டர்ஸ்லைடு டிகால், டிகால் சாஃப்ட்னர் போட்டு ரிவெட்டுக்கு மேல ஒட்ட வைங்க, ஒரு ராத்திரி விட்டு சாட்டின் வார்னிஷ். கிளாஸ் போடாம மேட் பெயின்ட் மேல நேரா ஒட்டினா டிகாலைச் சுத்தி வெள்ளி மாதிரி காத்துப் படலம் தெரியும். ரெண்டு பக்கமும், ரெண்டு முகத்துலயும் நம்பர் மாறணும். ஒரு செட் டிகால்ல ஒரே இலக்கம் நாலு தடவை இருக்கான்னு எண்ணிட்டு பழைய நம்பரை அழிங்க.