கிராபிக்ஸ் டிரைவர் இன்ஸ்டால் ஆக மாட்டேங்குதா? ஒண்ணொண்ணா பாத்துடலாம் வாங்க

கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் புதுசா போட்டிருப்பீங்க, இல்லன்னா புது கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கி மாட்டியிருப்பீங்க, டிரைவரை (விண்டோஸும் கார்டும் பேசிக்க உதவற சாஃப்ட்வேர்) டவுன்லோட் பண்ணி ஓட்டுனா பாதி தூரம் போயிட்டு "இன்ஸ்டாலேஷன் ஃபெயில்டு"ன்னு முகத்துல அடிக்கும். உடனே நாம என்ன பண்றோம்? அதே ஃபைலை திரும்ப ஓட்டுறோம், அப்புறம் இன்னொரு ஃபைலை இறக்குறோம், அப்புறம் எவனோ சொன்னான்னு ஒரு "டிரைவர் அப்டேட்டர்" சாஃப்ட்வேரை போட்டு இருக்கறதையும் கெடுத்துக்கறோம். நானும் இப்படி ஒரு முழு ஞாயித்துக்கிழமையை வீணாக்கினவன்தான். கடைசில பாத்தா என் கார்டுக்கும் நான் இறக்கின ஃபைலுக்கும் சம்பந்தமே இல்ல, லேப்டாப் கார்டுக்கான டிரைவரை டெஸ்க்டாப்ல போட்டு மல்லுக்கட்டிட்டு இருந்திருக்கேன்.

அதனால டவுன்லோட் பட்டன் பக்கமே இப்ப போக வேணாம். உள்ள இருக்கறது என்ன கார்டுன்னு தெரிஞ்சுக்கணும், பழைய டிரைவரை சுத்தமா காலி பண்ணணும், அப்புறம்தான் புதுசு. இந்த வரிசை மாறுறதாலதான் நெறைய பேருக்கு சிக்கலே வருது.

முதல்ல: கேபிளை பாருங்க

சிரிக்காதீங்க. டெஸ்க்டாப்ல பின்னாடி ரெண்டு இடத்துல எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், மேல மதர்போர்டுல ஒண்ணு, கொஞ்சம் கீழ படுக்கை வசமா இருக்கற கிராபிக்ஸ் கார்டுல ஒண்ணு. மானிட்டர் கேபிள் கார்டுலதான் இருக்கணும். மதர்போர்டுல சொருகியிருந்தா கார்டு சும்மா உக்காந்திருக்கும், டிரைவர் ஒழுங்கா ஏறியிருந்தாலும் கேம் எல்லாம் திக்கித்திணறித்தான் ஓடும், நீங்க டிரைவரை திட்டிட்டு இருப்பீங்க. கார்டுக்கு தனியா பவர் கேபிள் வேணுமான்னும் பாருங்க. மதர்போர்டு ஸ்லாட்டுல இருந்து அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும், அதுக்கு மேல வேணுங்கற கார்டுல 6 பின், 8 பின்னுன்னு சாக்கெட் இருக்கும். அது காலியா இருந்தா எந்த டிரைவரும் உதவாது. கேபினட்டை திறக்கறதுக்கு முன்னாடி பவரை ஆஃப் பண்ணி பிளக்கை உருவிடுங்க.

ரெண்டாவது: உள்ள இருக்கறது யாரு?

விண்டோஸ் கீயை பிடிச்சுக்கிட்டு எக்ஸ் அழுத்துங்க, வர்ற மெனுவுல டிவைஸ் மேனேஜர். அதுல டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்னு இருக்கறதை விரிச்சு பாருங்க. கார்டு பேர் தெளிவா இருந்தா சந்தோஷம், எழுதி வச்சுக்கோங்க. "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்"னு இருந்தா டிரைவர் இல்லாம விண்டோஸ் ஒப்புக்கு படம் காட்டிட்டு இருக்குன்னு அர்த்தம், ஸ்க்ரீன்ல எழுத்தெல்லாம் பெருசு பெருசா தெரியறதும் அதனாலதான்.

பேர் தெரியலன்னா அதை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ், அதுல டீடெய்ல்ஸ், கீழ்நோக்கி விரியற பட்டியல்ல ஹார்ட்வேர் ஐடிஸ். ஒரு நீள கோடு வரும். அதுல விஇஎன் (VEN)-க்கு அப்புறம் 10டிஇ (10DE)-ன்னு இருந்தா என்விடியா, 1002-ன்னு இருந்தா ஏஎம்டி, 8086-ன்னு இருந்தா இன்டெல். (1978-ல இன்டெல் விட்ட ப்ராசஸர் பேரும் 8086-தான், அதையே இன்னிக்கும் அடையாள நம்பரா வச்சிருக்காங்க, எனக்கு பிடிச்ச சின்ன விஷயம் இது.) டிஇவி (DEV)-க்கு அப்புறம் வர்ற நாலு எழுத்துதான் மாடல், அந்த முழு வரியையும் காப்பி பண்ணி தேடினா கார்டு பேர் கிடைச்சுடும்.

அதே ப்ராப்பர்டீஸ்ல ஜெனரல் பக்கத்துல எர்ரர் கோடு இருக்கான்னும் ஒரு பார்வை பாத்துடுங்க. கோட் 28-ன்னா டிரைவரே போடல, அவ்வளவுதான், பயப்பட ஒண்ணுமில்ல. கோட் 43-ன்னா கார்டுல ஏதோ பிரச்சனைன்னு தகவல் வந்ததால விண்டோஸ் அதை நிறுத்தி வச்சிருக்கு. டிரைவர் குழப்பமாவும் இருக்கலாம், கார்டே போயிருக்கவும் செய்யலாம், அதை கடைசில பாப்போம்.

மூணாவது: சரியான ஃபைல்

கார்டு கம்பெனியோட சொந்த சைட்ல இருந்து மட்டும் இறக்குங்க. மாடல், விண்டோஸ் வெர்ஷன், டெஸ்க்டாப்பா லேப்டாப்பா, இந்த மூணும் ஒத்துப் போகணும். விண்டோஸ் வெர்ஷன் தெரியலன்னா ரன் பாக்ஸ்ல (விண்டோஸ் கீயோட ஆர் அழுத்துனா வரும்) வின்வெர் (winver)-னு அடிங்க. "உங்க ஹார்ட்வேருக்கு இது பொருந்தாது"ங்கற மாதிரி மெசேஜ் வந்தா பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணுதான் தப்பு.

பழைய கார்டுக்காரங்க ஒண்ணு கவனிங்க, லேட்டஸ்ட் டிரைவர் உங்களுக்கு கிடையாது. உதாரணத்துக்கு என்விடியாவோட கெப்ளர் தலைமுறை, அதாவது ஜிடிஎக்ஸ் 600 வரிசையும் 700-ல பெரும்பாலானதும், 2021-ஓட கேம் ரெடி டிரைவர் (புது கேம்களுக்காக என்விடியா விடற டிரைவர்) வர்றது நின்னுபோச்சு, 470 வரிசைதான் அதுக்கு கடைசி. அதே மாதிரி 32 பிட் விண்டோஸுக்கு என்விடியா 390 வரிசையோட நிறுத்திட்டாங்க. புதுசை போட்டு பத்து தடவை மோதினாலும் ஏறாது.

லேப்டாப்னா முதல்ல லேப்டாப் கம்பெனி சைட்ல உங்க மாடலுக்குன்னு கொடுத்திருக்கற டிரைவரை ட்ரை பண்ணுங்க. ரெண்டு கிராபிக்ஸ் இருக்கற லேப்டாப்ல, ப்ராசஸரோட ஒட்டி வர்ற கிராபிக்ஸ் டிரைவரை முதல்ல போட்டுட்டு அப்புறம் தனி கார்டோடதை போடுறது என் வழக்கம், இதுவரை அது என்னை ஏமாத்தல.

நாலாவது: பழசை காலி பண்றது

இதுதான் முக்கியமான இடம், நிதானமா படிங்க. பழைய குடித்தனக்காரன் சாமானை எடுக்காம இருக்கற வீட்டுக்குள்ள புது ஆள் எப்படி குடி வருவான்? கண்ட்ரோல் பேனல்ல அன்இன்ஸ்டால் பண்ணாலும் ஃபைலு, ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கற இடம்) என்ட்ரின்னு மிச்சம் மீதி கிடக்கும். அதை கூட்டித் தள்ளத்தான் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்னு ஒரு இலவச டூல் இருக்கு, எல்லாரும் டிடியு-ன்னு சுருக்கமா சொல்வாங்க.

அதை ஓட்டறதுக்கு முன்னாடி புது டிரைவரையும் டிடியு-வையும் டவுன்லோட் பண்ணி வச்சுடுங்க, ரீஸ்டோர் பாயிண்ட் (ஏதாவது கெட்டா விண்டோஸை இப்ப இருக்கற நிலைக்கு திருப்ப உதவற பதிவு) ஒண்ணு போட்டுடுங்க, அப்புறம் நெட்டை துண்டிச்சுடுங்க. வைஃபையை ஆஃப் பண்ணுங்க, கேபிள்னா உருவிடுங்க. ஏன்னா நீங்க டிரைவரை தூக்கின அடுத்த நிமிஷமே விண்டோஸ் அப்டேட் "அய்யோ பாவம்"னு தானா ஒரு டிரைவரை இறக்கி போட ஆரம்பிச்சுடும், நீங்க போடுறதும் அது போடுறதும் முட்டிக்கும்.

இப்ப ஷிஃப்ட் கீயை பிடிச்சுக்கிட்டே ரீஸ்டார்ட் கொடுங்க. நீல ஸ்க்ரீன்ல ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பட்டியல் வந்ததும் 4 அழுத்துனா சேஃப் மோடு, அதாவது அவசியமானதை மட்டும் வச்சு விண்டோஸ் ஓடற நிலை. பிட்லாக்கர் (டிஸ்க்கை பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா வழியில ரெக்கவரி கீ கேக்கலாம், அதனால அதை முன்னாடியே ஃபோன்லயோ பேப்பர்லயோ எடுத்து வச்சுக்கோங்க, உள்ள மாட்டிக்கிட்டு முழிக்காதீங்க. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்கட்டும், சேஃப் மோடுல சில நேரம் பின் நம்பர் எடுக்காது.

டிடியு-வை திறந்து ஜிபியு (GPU, அதாவது கிராபிக்ஸ் கார்டு), அப்புறம் உங்க கம்பெனி பேரை செலக்ட் பண்ணி "கிளீன் அண்ட் ரீஸ்டார்ட்". அவ்வளவுதான். ஏஎம்டி கார்டுன்னா அவங்களே கிளீன்அப் யுடிலிட்டின்னு ஒண்ணு தர்றாங்க, அதுவும் ஓகே.

அஞ்சாவது: புதுசை ஏத்துறது

நெட் இன்னும் ஆஃப்லயே இருக்கட்டும். இன்ஸ்டாலரை ரைட் கிளிக் பண்ணி ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். நடுவுல ஸ்க்ரீன் கருப்பாகும், மினுக்கும், ரெசல்யூஷன் மாறும். அது இயல்பு, பயந்து போய் பவர் பட்டனை அமுக்கிடாதீங்க. முடிஞ்சதும் ரீஸ்டார்ட், டிவைஸ் மேனேஜர்ல கார்டு பேர் வந்திருக்கான்னு பாத்துட்டு நெட்டை போடுங்க.

போட்டாச்சு, ஆனா மக்கர் பண்ணுது

ஸ்க்ரீன் உறைஞ்சு நின்னா விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் ஒண்ணா அழுத்துங்க, கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும், திறந்து வச்ச வேலை போகாது. கார்டு 2 செகண்டுக்கு மேல பதில் சொல்லலன்னா விண்டோஸே இப்படி ரீசெட் பண்ணிடும், "டிஸ்ப்ளே டிரைவர் ஸ்டாப்டு ரெஸ்பாண்டிங்"னு வர்ற மெசேஜ் அதுதான். எப்பவாவது வந்தா விட்டுடுங்க. அடிக்கடி வந்தா ஓவர்கிளாக் (கார்டை அதோட இயல்பு வேகத்துக்கு மேல ஓட்டறது) எதுவும் பண்ணி வச்சிருக்கீங்களா, சூடு ஏறுதா, பவர் சப்ளை போதுமான்னு பாக்கணும்.

நேத்து வரைக்கும் நல்லா ஓடி அப்டேட்டுக்கு அப்புறம் கெட்டுச்சுன்னா மேல சொன்ன எதுவுமே வேணாம், டிவைஸ் மேனேஜர்ல ப்ராப்பர்டீஸ், டிரைவர், ரோல் பேக் டிரைவர். பட்டன் மங்கலா இருந்தா பழசு கையில இல்லன்னு அர்த்தம், கம்பெனி சைட்ல முந்தின வெர்ஷனை எடுத்து போடுங்க. எல்லாருக்கும் லேட்டஸ்ட்தான் பெஸ்ட்ங்கறதை நான் நம்பறதில்ல.

இத்தனையும் பண்ணியும் கோட் 43 போகலன்னா கார்டை கழட்டி வேற ஒரு கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாருங்க. அங்கயும் அதே கதைன்னா கார்டுதான் காலி, வாரண்டி பில்லை தேடுங்க. அங்க நல்லா ஓடுனா உங்க மதர்போர்டு ஸ்லாட்டு, பவர் சப்ளை, பயாஸ் (மதர்போர்டுலயே இருக்கற அடிப்படை சாஃப்ட்வேர்) இந்த மூணுல ஒண்ணு, அதுல பவர் சப்ளையில இருந்து ஆரம்பிங்க.