நிணநீர்க் கணுவில் மெலனோமா தேடும் ஸ்டெயின்: பழுப்பு எல்லாம் புற்று அல்ல

ராமநாதபுரம் கடலோரத்தில் லேப் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

தோலின் நிறமிச் செல்களில் வரும் புற்றுதான் மெலனோமா. நம் மக்களிடம் அது குறைவு. ஆனால் வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோதான் வரும். வெறுங்காலோடு கரைவலை இழுக்கிறவர், காலில் கருப்பாக ஒன்று வந்தால் முள் குத்தின தழும்பு என்று விட்டுவிடுவார். அங்கிருந்து நோய் பெரும்பாலும் முதலில் ஏறுவது தொடை இடுக்கு நெறிக்கு, அதாவது நிணநீர்க் கணுவுக்கு. புண்ணிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவைத்தான் காவல் கணு என்கிறோம். நீலச் சாயம் செலுத்தி அதைக் கண்டுபிடிக்கும் முறையை டொனால்ட் மார்ட்டன் குழுவினர் 1992-ல் வெளியிட்டார்கள்.

முதலில் கணுவை 10 சதவீத பஃபர்டு ஃபார்மலினில் ஊறவிடுங்கள். டாக்டர் மெல்லிய துண்டுகளாக நறுக்கித் தருவார், அவற்றை பாராஃபின் பிளாக் ஆக்குங்கள். 4 மைக்ரானில், ஒரே ஆழத்தில் நிற்காமல் பல ஆழங்களில் வெட்டுங்கள். நாம் தேடுவது நாலைந்து செல்களாகக்கூட இருக்கலாம். ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு ஸ்லைடுக்கு ஹீமடாக்சிலின்-ஈயோசின். மற்றவற்றை, துண்டு கழன்றுவிடாமல் பிடிக்கும் சார்ஜ்டு ஸ்லைடில் ஏற்றி, ஸ்டெயின் செய்யாமல் வையுங்கள்.

அப்புறம் ஆன்டிபாடி வேலை. மெலனோமா செல்லில் போய் ஒட்டும் ஆன்டிபாடியை விட்டு, அது ஒட்டிய இடத்தை நிறமியால் காட்டுவதுதான் இது. 60 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம், பிறகு பாராஃபின் போக சைலீன், ஆல்கஹால், தண்ணீர். பிறகு சிட்ரேட் பஃபரில் (பிஹெச் 6) குக்கரில் வேகவைத்து, ஆறவிட வேண்டும். இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல். ஆரம்பத்தில் போர் தண்ணீரில் பஃபர் கரைத்து, ஒரு நாள் வேலை முழுக்க வீணானது. ஸ்லைடு ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். அடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆன்டிபாடி, அது ஒட்டிய இடத்தில் நிறமி படிய வைக்கும் பாலிமர், நிறமி, கடைசியில் லேசாக ஹீமடாக்சிலின். நேரத்தையும் அளவையும் ஆன்டிபாடியோடு வரும் தாளைப் பார்த்து வையுங்கள்.

எந்த ஆன்டிபாடி? எஸ்-100 ஏறக்குறைய எல்லா மெலனோமாவையும் பிடிக்கும், ஆனால் கணுவின் டென்ட்ரிடிக் செல், நரம்பையும் சேர்த்துப் பிடிக்கும். எச்எம்பி-45 மற்ற செல்களை அதிகம் தொடாது, ஆனால் சில மெலனோமாவைத் தவறவிடும். சாக்ஸ்-10 உட்கருவில் மட்டும் ஏறுவதால் பார்க்கத் தெளிவு. மெலன்-ஏ-யும் நல்லது. ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். ஆன்டிபாடி வேலையில் வழக்கமாகப் போடும் டேப் (DAB) நிறமியும் பழுப்பு, செல்லின் சொந்த நிறமியான மெலனினும் பழுப்பு. மெலனினை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்லும் கணுவில் பழுப்பாகவே உட்கார்ந்திருக்கும். அதனால் நான் சிவப்பு தரும் ஏஇசி நிறமியைத்தான் எடுப்பேன். அது ஆல்கஹாலில் கரைந்துவிடும், கிளிசரின் ஜெல்லியில் மூடுங்கள். டேப் மட்டுமே இருக்கிறதா? ஹீமடாக்சிலினுக்குப் பதில் ஜீம்சா போடுங்கள். மெலனின் பச்சையாக மாறும், டேப் பழுப்பாகவே நிற்கும்.

ஒவ்வொரு முறையும் மெலனோமா என்று உறுதியான திசு ஒன்று, முதல் ஆன்டிபாடி விடாத ஸ்லைடு ஒன்று கட்டாயம். இரண்டாவதை முதலில் பாருங்கள். அதில் பழுப்பு தெரிந்தால் அது ஆன்டிபாடி தந்த நிறம் அல்ல.

நிறம் எங்கே ஏறியது என்பதையும் கவனியுங்கள். சில கணுக்களில் வெளியுறையின் திசுவுக்குள்ளேயே சாதுவான மச்சச் செல்கள் இருக்கும். மெலன்-ஏ அவற்றிலும் ஏறும், எச்எம்பி-45 பெரும்பாலும் ஏறாது. புற்றுச் செல்கள் பெரும்பாலும் உறைக்குக் கீழுள்ள இடைவெளியில் தொடங்கும். அந்த இடத்தை மார்க்கரில் வட்டமிட்டு டாக்டரிடம் கொடுங்கள்.